மின்னேற்றம் கொள்ளாத மடிக்கணினி

மடிக்கணினி இன்று மாணாக்கர்க்கும் உத்தியோகத்தர்க்கும் இன்றியமையாத கருவியாயிற்று. மின்னிணைப்பிற் பொருத்தியும் அது ஏற்றம் கொள்ளாதாயின், மின்கலம் பழுதாயிற்றென்றே பலரும் துணிந்து, புதியதொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவர். அது முறையன்று. மின்சாரம் சுவரிலிருந்து மின்கலத்தை அடைதற்கிடையே வாயில்கள் பல உள. புறத்திருந்து அகம் நோக்கி அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தலே தக்கது.

முதலாவது, சார்ஜர் எனப்படும் மின்னேற்றி. அது நம் நாட்டு 230 உவோற்று ஆடலோட்டத்தைப் பெரும்பாலும் 19 அல்லது 20 உவோற்று நேரோட்டமாக மாற்றித் தருவது. அதன் வடம் முனையருகே வளைந்து வளைந்து உள்ளே அறுதல் பெருவழக்கு. கணினியின் துளையில் தூசி அடைதலும் உண்டு. 65 உவாற்று வேண்டும் கணினிக்குக் கைத்தொலைபேசியின் 10 உவாற்று மின்னேற்றியைப் பொருத்தின், அது கணினியை இயக்குதற்கே போதாது. மின்கலத்துக்கு எஞ்சுவது யாது? டெல் கணினிகள் பலவற்றின் செருகியில் நடுவே மெல்லிய ஊசியொன்று உண்டு. மின்னேற்றி இன்னதெனக் கணினிக்கு அறிவிப்பது அதுவே. அது முறியின், கணினி இயங்கும்; மின்கலமோ ஏற்றம் கொள்ளாது. ஆதலின், தகுதியான வேறொரு மின்னேற்றியை இரவல் பெற்றுச் சோதித்தல் நன்று.

இரண்டாவது, கணினி தானே ஏற்றத்தை நிறுத்தி வைத்தல். மின்கலம் நெடுங்காலம் உழைக்கும்பொருட்டு, நூற்றுக்கு 80 அளவில் ஏற்றத்தை நிறுத்தும் அமைப்புப் பல கணினிகளில் உண்டு. மின்கலம் ஏறக்குறைய 45 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினும் ஏற்றம் நிற்கும். இவை பழுதல்ல, காவலே.

மூன்றாவது, கணினியை அணைத்து, மின்னேற்றியையும், கழற்றத்தக்கதாயின் மின்கலத்தையும் கழற்றி, இயக்கும் ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பின்னர் இணைத்துப் பார்த்தல். ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு இதனால் தன்னிலை பெறுதல் உண்டு.

இவையெல்லாம் பயன்படாவிடத்தே மின்கலத்தை ஐயுறுக. விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையில், ஆக்கப்பட்ட நாளின் கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் அருகருகே காணப்படும். முன்னது 50,000 ஆகப் பின்னது 20,000 ஆயின், மின்கலம் மூப்படைந்ததென்க. சில நூறு முறை ஏற்றியிறக்கிய மின்கலத்துக்கு அது இயல்பே.

1991 இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த இலிதியம் அயன் மின்கலத்துக்கு வழிவகுத்த குடினஃப், விற்றிங்காம், யோசினோ என்னும் மூவரும் 2019 இல் நோபெல் பரிசு பெற்றனர். அத்துணைச் சிறந்த அக்கலத்தினுள் இருக்கும் திரவம் எரியுந் தன்மையது. விசைப்பலகை மேலெழும்பினும், கணினியின் அடிப்புறம் புடைப்பினும், மின்கலம் வீங்கிற்றென அறிக. அப்போது மேற்கூறிய சோதனை யாதும் செய்யற்க. உடனே மின்னிணைப்பைத் துண்டித்து, அழுத்தாதும் துளையாதும், அத்தொழில் அறிந்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். மற்றையவற்றிற் சிக்கனம் நன்று. இவ்வொன்றில் அது தகாது.