மதுரம் அம்மையாரும் தமிழ் நகைச்சுவையும்

கிள்ளான் வட்டாரத்துப் பழைய ரப்பர்த் தோட்டங்களில் மதுரை வீரனை வழிபட்டு வந்தவர்கள் பலர். மரத்தடியில் ஓர் அரிவாளை நட்டு, எலுமிச்சம்பழம் சார்த்திக் கும்பிட்ட இடங்கள் சில பின்னாளில் கோயில்களாகவும் வளர்ந்தன. அத்தகைய மக்களுக்கு 1956-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. எம்.ஜி. இராமச்சந்திரன் வீரனாக நடித்த அப்படத்தில், காட்டில் கைவிடப்பட்ட அரசிளங்குழந்தையை எடுத்து வளர்ப்பவர்கள் செருப்புத் தைத்துப் பிழைக்கும் ஓர் ஏழைக் கணவனும் மனைவியும் ஆவர். கணவனாக நடித்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். மனைவியாக நடித்தவர் டி.ஏ. மதுரம்.

அடுத்த ஆண்டு, 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், கலைவாணர் சென்னையில் காலமானார். மறுநாள் மலாயா சுதந்திரம் பெற்றது. ஒருபுறம் கொண்டாட்டமும் மறுபுறம் துக்கமுமாக அச்செய்திகள் அடுத்தடுத்து வந்தன.

கலைவாணரைப் பற்றி அன்றுதொட்டு எழுதப்பட்டவை ஏராளம். அவருடைய கொடையையும், சிந்தனையையும், சிரிப்பையும் அறியாத தமிழர் அரியர். ஆனால் மதுரம் அம்மையாரைப் பற்றிப் பேசும்பொழுது, ‘கலைவாணரின் துணைவியார், அவருடன் சேர்ந்து நடித்தவர்’ என்ற அளவிலேயே பெரும்பாலோர் நிறுத்திக் கொள்கின்றனர். இது சரியான கணக்குத்தானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புனாவில் தொடங்கிய கூட்டு

மதுரம் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கத்தைச் சேர்ந்தவர். 1935-இல் வெளிவந்த ‘ரத்னாவளி’ அவருடைய தொடக்க காலப் படங்களில் ஒன்று. தமிழில் பேசும் படம் பிறந்து அப்பொழுது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடக மேடையிலும் படத்திலும் நடிக்க வரும் பெண்களைச் சமூகம் மதிப்போடு நோக்காத காலம் அது. அதிலும் ஹாஸ்ய வேடம் ஏற்கும் பெண்ணின் நிலை மேலும் தாழ்ந்தது. கதாநாயகிக்காவது அழகி என்ற பெயர் கிடைக்கும். சிரிக்க வைப்பவளுக்கு அதுவும் கிடைப்பதில்லை.

‘வசந்தசேனா’ என்ற படத்தை எடுப்பதற்காகப் புனா நகருக்குச் சென்ற குழுவில் கிருஷ்ணனும் மதுரமும் இருந்தனர். அங்கே குழுவினர் பணமுடையால் தவித்தபொழுது, மதுரம் தம் கைப்பொருளைத் தந்து உதவினார் என்று சொல்வது வழக்கம். அந்தப் பழக்கமே அன்பாக வளர்ந்து, 1936-இல் புனாவிலேயே திருமணத்தில் முடிந்தது. அதன்பின் ‘அம்பிகாபதி’ (1937), ‘ஆர்யமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942), ‘ஹரிதாஸ்’ (1944) என்று இருவரும் இணைந்து நடித்த படங்கள் தொடர்ந்து வந்தன. 1941-ஆம் ஆண்டின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் கிருஷ்ணன் அலிபாபாவாகவே நடித்தார். நகைச்சுவை நடிகரைக் கதாநாயகராக்கியும் படம் எடுக்கலாம் என்ற துணிவு அந்நாளிலேயே பிறந்துவிட்டது.

ஆமாம் போடாத மனைவி

இன்றைய படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு செய்தியை விளக்கியாக வேண்டும். அக்காலத்தில் பல படங்களில் நகைச்சுவைப் பகுதி, கதையோடு ஒட்டாமல் தனியே அமைந்திருந்தது. கிருஷ்ணன் தமக்கென ஒரு குழுவை வைத்துக்கொண்டு, அப்பகுதியைத் தாமே கற்பனை செய்து, தாமே அமைத்துக் கொடுப்பார். ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனின் ‘சந்திரலேகா’ (1948) பல ஆண்டுகளாக எடுக்கப்பட்டு வந்த படம். அதில் கிருஷ்ணன்–மதுரம் காட்சிகள் பின்னாளில்தான் சேர்க்கப்பட்டன. எனவே இவ்விருவரும் பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்புவித்தவர்கள் மட்டும் அல்லர். தங்கள் சிரிப்பைத் தாங்களே ஆக்கிக் கொண்டவர்கள்.

அந்த ஆக்கத்தில் மதுரம் அம்மையாரின் பங்கு என்ன? நாஞ்சில் நாட்டில் பிறந்த கிருஷ்ணன் இளமை முதலே வில்லுப்பாட்டில் ஊறியவர். வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதை சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ என்று ஏற்றுப் பேசுவார். அந்த ‘ஆமாம்’ இல்லாவிட்டால் கதை நகராது. கேட்போர் மனத்தில் எழும் வியப்பையும் ஐயத்தையும் அவரே வாய்விட்டுச் சொல்கிறார். கிருஷ்ணனின் திரைப்பட நகைச்சுவையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. ஆயினும் மதுரம் வெறுமனே ஆமாம் போடுபவர் அல்லர். கணவன் ஒன்றைச் சொன்னால், ‘அதெப்படி?’ என்று மடக்குகிறவர். சொல்லுக்குச் சொல் நிற்கிறவர். சில சமயம் கணவனின் அறியாமையை வெளிப்படுத்துகிறவர். வேறு சில சமயம், தாமே அறியாதவர்போல் நடித்துக் கணவன் வாயிலிருந்து நல்ல கருத்தை வரவழைக்கிறவர்.

இதன் சிறப்பை உணர வேண்டுமானால், அக்காலத்து ஹாஸ்யம் எதைக் கொண்டு நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடிப்பதும், உதைப்பதும், உடற்குறையைப் பழிப்பதும் சிரிப்பு என்று பெயர் பெற்றிருந்தன. கிருஷ்ணனும் மதுரமும் உரையாடலைக் கொண்டு சிரிக்க வைத்தார்கள். உரையாடலுக்கு இருவர் வேண்டும். இருவரும் சமமாக நின்றால்தான் அது உரையாடல். ஒருவர் மட்டும் பேசினால் அது பிரசங்கம் ஆகிவிடும். கலைவாணர் தீண்டாமையையும், மதுவையும், மூடப்பழக்கத்தையும் பற்றிப் படத்துக்குப் படம் பேசியும் மக்களுக்குச் சலிப்புத் தட்டவில்லை. எதிரே நின்று கேள்வி கேட்ட அந்தப் பெண்மணி அதற்கு ஒரு பெருங்காரணம் எனலாம்.

சிறைக்கு வெளியே ஒரு போராட்டம்

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. தியாகராஜ பாகவதர் கதாநாயகர். சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. ஆனால் வெளிவந்த சில வாரங்களுக்குள்ளேயே இடி விழுந்தது. நவம்பர் மாதத்தில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அவ்வாண்டிலேயே தள்ளுபடியாயிற்று.

அப்பொழுது மலாயாவின் நிலை வேறு. 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமான பின், சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே இருந்த கப்பல் போக்குவரத்து அற்றுப் போயிற்று. அவ்வாண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களைப் போர் முடிந்த பின்னரே இங்குள்ளோர் பார்க்க முடியும். திரையில் சிரித்துக் கொண்டிருந்தவர் அப்பொழுது சிறையில் இருந்தார். அவருடன் சிரித்தவரோ வழக்குச் செலவுக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தார்.

மதுரம் அம்மையார் சொத்துகளை விற்றும், மேடையேறி நடித்தும் பணம் திரட்டினார். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபை நடந்தது. அச்சபையிலும் பிளவு ஏற்பட்டது. கே.ஆர். இராமசாமி பிரிந்து சென்று கிருஷ்ணன் நாடக சபாவைத் தொடங்கினார். அறிஞர் அண்ணாவின் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ ஆகிய நாடகங்களை மேடையேற்றியது அந்தச் சபாதான். கணவர் சிறையில், குழுவிலே பிளவு, கையிலே பணமுடை என்ற நிலையிலும் அம்மையார் தளரவில்லை. ‘பைத்தியக்காரன்’ என்ற படத்தை எடுக்க முற்பட்டார். கிருஷ்ணன்–பஞ்சு இருவரும் இயக்கிய அப்படத்தில் அம்மையார் இரட்டை வேடம் தாங்கினார். எம்.ஜி. இராமச்சந்திரனும் அதில் நடித்தார்.

இதற்கிடையே வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. புகழ்பெற்ற ஆங்கில வழக்கறிஞர் டி.என். பிரிட் வாதாடினார். மேல்முறையீட்டை மறுபடியும் விசாரிக்குமாறு பிரிவி கவுன்சில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. வி.எல். எத்திராஜ் அங்கு வாதாடினார். 1947 ஏப்ரல் 25-ஆம் நாள் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாயினர். சிறையிலிருந்து மீண்ட கிருஷ்ணனுக்கும் ‘பைத்தியக்காரன்’ படத்தில் ஒரு வேடம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டே படம் வெளிவந்தது. இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். அண்ணாவின் கதைவசனத்தில் ‘நல்லதம்பி’ 1949-இல் வெளிவந்தபொழுது, கலைவாணரின் இரண்டாம் காலம் உறுதிப்பட்டு விட்டது.

விடுதலை பெற்ற பாகவதர் பழைய புகழை மீண்டும் எட்டவில்லை என்பதை யாவரும் அறிவர். கலைவாணர் எட்டினார். இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கலைவாணர் திரும்பி வந்தபொழுது அவருக்காக ஒரு படமும், தம் கலையை மறவாத ஒரு கூட்டாளியும் காத்திருந்தனர் என்பது கண்கூடு.

உலக மேடையில்

நகைச்சுவை இணைகளில் பெண்ணின் பங்கு மறைந்துபோவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் என்ற தம்பதியர் மேடையிலும் வானொலியிலும் பெரும்புகழ் பெற்றவர்கள். தொடக்கத்தில் வேடிக்கைப் பேச்சுகளை ஜார்ஜ் தமக்கு வைத்துக்கொண்டு, கேள்விகளை மட்டும் கிரேசிக்குக் கொடுத்தார். சபையோர் கேள்விகளுக்கே சிரித்தார்கள்! ஜார்ஜ் தயங்காமல் பாகங்களை மாற்றிக் கொண்டார். கேள்வி கேட்பதும் ஒரு கலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கிலாந்தின் விக்டோரியா வுட் (1953–2016) மற்றொரு வழியைக் காட்டினார். எழுதுகோலையும் அவரே ஏந்தினார். தாமே எழுதி, தாமே பாட்டமைத்து, தாமே நடித்தார். தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி 1998 முதல் 2000 வரை பிபிசி ஒளிபரப்பிய ‘டின்னர்லேடீஸ்’ தொடர் முழுவதும் அவர் எழுதியதே. எழுதியவர் பெயர் எழுத்தில் நிற்பதால், அவர் பங்கு எது என்று எவரும் தேட வேண்டியதில்லை. மதுரம் அம்மையாரின் பங்கோ ஒத்திகையிலும், பேச்சிலும், முகக்குறிப்பிலும் கலந்து கிடக்கிறது. தாளில் எழுதப்படாதது எளிதில் மறக்கப்படுகிறது.

அவர் காலத்திலேயே சி.டி. ராஜகாந்தம், அங்கமுத்து போன்றோர் இருந்தனர். பின்னர் டி.பி. முத்துலட்சுமி வந்தார். 1958-இல் ‘மாலையிட்ட மங்கை’ படத்தில் அறிமுகமான மனோரமா ஆயிரம் படங்களுக்குமேல் நடித்து, 2015-இல் மறையும் வரை ‘ஆச்சி’ என்று போற்றப்பட்டார். நகைச்சுவை நடிகை ஒருவர் தமிழ்நாட்டில் அத்தகைய பெருமதிப்பை அடைவதற்கு முன்னோர் சிலர் பாதை வெட்டியிருக்க வேண்டும். மதுரம் அம்மையார் அவர்களுள் முதன்மையானவர்.

கலைவாணருக்குச் சென்னை தியாகராய நகரில் சிலை உண்டு. அதை அறிஞர் அண்ணா 1969-இல் திறந்து வைத்தார். அவர் பெயரால் அரங்கமும் உண்டு. இவையெல்லாம் தகும். மதுரம் அம்மையார் 1974-இல் காலமானார். சிலையை விட எளிதான ஒரு மரியாதையை அவருக்கு நாமே செய்யலாம். அடுத்த முறை தொலைக்காட்சியில் ‘மதுரை வீரன்’ வரும்பொழுது, கலைவாணர் பேசும் நேரத்தில் பார்வையைச் சற்றே திருப்பி, பக்கத்தில் நிற்கும் அம்மையாரின் முகத்தைப் பாருங்கள். அடுத்து வரப்போகும் சிரிப்பு அங்கேதான் முதலில் தோன்றுகிறது.