என்ஜின் சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன், புணேயில் பணியாற்றியபோது, எட்டு ஆண்டுகள் ஓடிய டீசல் கார் ஒன்றை விலைக்கு வாங்கினேன். ஓடோமீட்டர் 52,000 கிலோமீட்டரைக் காட்டியது. குறைவாக ஓடிய வண்டி கிடைத்ததே என்று மகிழ்ந்தேன். ஓராண்டு கழித்து, மழைக்கால அதிகாலை ஒன்றில், குடும்பத்துடன் மும்பை செல்லும் வழியில், விரைவுச் சாலையின் நடுத்தடத்தில் என்ஜின் திடீரென நின்றது. பின்னால் லாரிகள் ஒலியெழுப்ப, வண்டி உருண்ட வேகத்திலேயே ஓரத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தேன். உயிருக்குச் சேதமில்லை, பணத்திற்கு இருந்தது.

டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்துவிட்டன என்றார் மெக்கானிக். பழுதுச் செலவு 58,000 ரூபாய். உரிய காலத்தில் பெல்ட்டை மாற்றியிருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. வாகனக் காப்பீட்டிலும் வழியில்லை. விபத்துச் சேதத்தை ஏற்கும் வழக்கமான பாலிசி, தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் ஏற்பதில்லை. பிறருடைய கடன் விண்ணப்பங்களை வரிவரியாகப் படிக்கும் நான், என் சொந்த வண்டியின் கையேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை.

டைமிங் பெல்ட் என்பது என்ன? என்ஜினின் அடிப்பகுதியில் பிஸ்டன்களால் சுழல்வது கிராங்க் ஷாஃப்ட்; மேற்பகுதியில் வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம் ஷாஃப்ட். முன்னது இருமுறை சுழலும்போது பின்னது ஒருமுறை சுழல வேண்டும். இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் இணைப்பதே பற்களுடைய அந்த ரப்பர் பெல்ட். நிமிடத்திற்கு 3,000 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் வால்வுகள் திறந்த நிலையிலேயே நின்றுவிட, மேலெழும் பிஸ்டன் அவற்றை மோதுகிறது. எல்லா என்ஜின்களிலும் இப்படி நேர்வதில்லை என்றாலும், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி குறைந்த டீசல் என்ஜின்களில் பெரும்பாலும் இதுவே நிகழ்கிறது.

எல்லாக் கார்களிலும் பெல்ட் இல்லை. மாருதி 800, பழைய சான்ட்ரோ, டீசல் இண்டிகா, டீசல் டஸ்டர் ஆகியவற்றில் பெல்ட் உண்டு. ஸ்விஃப்ட் காரின் 1.3 லிட்டர் டீசல் என்ஜினில் உலோகச் சங்கிலி உண்டு. நம் வண்டியில் எது உள்ளது என்பதை அறிவதே முதற்படி.

பழைய என்ஜின் எழுப்பும் ஓசைகளை, எப்போது எழுகின்றன, எதனோடு கூடுகின்றன என்று கவனித்தால் பெரும்பகுதி புரிந்துவிடும். வண்டியை நிறுத்தி, கியர் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓசை அப்போதும் கூடினால் கோளாறு என்ஜின் பகுதியில் இருக்க வாய்ப்பு மிகுதி. வண்டி ஓடும்போது மட்டுமே எழுந்தால் சக்கரங்களையும் பிரேக்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஏ.சி.யைப் போட்டதும், 'கீச்' என்ற அலறல் கேட்டால், அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரை இயக்கும் வெளிப்புற பெல்ட். வழக்கில் ஃபேன் பெல்ட் என்பார்கள். தளர்ந்தோ தேய்ந்தோ வழுக்குகிறது. இதனை டைமிங் பெல்ட் என்று எண்ணி மயங்குவோர் பலர்.

என்ஜினின் மேற்பகுதியில் சீரான 'டிக் டிக்' என்றால், டேப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம், ஆயிலும் குறைந்திருக்கலாம். முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

பெட்ரோல் கார் மேட்டில் ஏறும்போது மட்டும் சிறு கற்கள் உரசுவதுபோன்ற ஓசை எழுந்தால், எரிபொருள் உரிய தருணத்திற்கு முன்பே எரிகிறது என்று பொருள். எரிபொருளின் தரம், கரிப்படிவு, இக்னிஷன் கோளாறு ஆகியவை காரணமாகலாம்.

என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனத்த 'டொக் டொக்' ஒலி எழுந்து, சுமை கூடக் கூட வலுத்தால், பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற அந்தப் பத்து கிலோமீட்டரில் முழு என்ஜினும் போகும்.

சங்கிலி உள்ள என்ஜினில், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் உலோகக் கலகலப்புக் கேட்டால், சங்கிலியோ அதனை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கலாம். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடும் வண்டிகளில் இது விரைவில் வரும்.

இனி டைமிங் பெல்ட்டுக்கு வருவோம். இதில்தான் பலரும் ஏமாறுகிறோம். பெல்ட் பெரும்பாலும் ஓசையே எழுப்புவதில்லை. ஓசையெழுப்புபவை அதன் துணைப் பாகங்கள். டென்ஷனர் பேரிங் தேய்ந்தால், மூடியின் உள்ளிருந்து, என்ஜின் வேகத்தோடு ஏறியிறங்கும் ரீங்காரம் கேட்கும். தளர்ந்த பெல்ட் மூடியில் படபடவென்று மோதலாம். அப்பகுதியில் ஆயில் கசிவோ கூலன்ட் கசிவோ தெரிந்தாலும் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். ஆயில் ரப்பரைக் கெடுத்துவிடும். பெல்ட் ஒரு பல் நழுவினால் என்ஜின் நடுங்கும், இழுவை குறையும். வழக்கத்தைவிட இலகுவாக, வேகமாகச் சுழன்றும் என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அப்போது மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்வதும், தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடவே கூடாது.

ஆகவே பெல்ட்டைப் பொறுத்தவரை செவியை நம்பாமல் நாட்காட்டியை நம்ப வேண்டும். கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், எது முந்துகிறதோ அது என்று குறித்திருப்பார்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதன்று. சில சொத்துகளின் தேய்மானத்தைப் பயன்பாட்டைக் கொண்டு கணக்கிடுகிறோம். சிலவற்றுக்குக் காலத்தைக் கொண்டு. ரப்பர் பெல்ட்டுக்கு இரண்டும் பொருந்தும். வண்டி நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். 52,000 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்த நான், எட்டு ஆண்டுகள் என்ற எண்ணைக் கவனியாமல் விட்டேன்.

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நான் இப்போது ஒன்று கேட்கிறேன்: "டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா?" 'மாற்றியாயிற்று' என்ற வாய்மொழி ரசீதாகாது. சான்று இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொண்டு, அச்செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நீங்கள் வருமுன் விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். பெல்ட்டை மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட்டால் இயங்கும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். அவற்றைக் கழற்றும் கூலி ஏறத்தாழ ஒன்றுதான்.

இத்தகைய செலவு எதிர்பாராதது அன்று. என்று வரும் என்பது முன்பே தெரிந்தது. மாதம் 500 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், மூன்று ஆண்டுகளில் அசல் மட்டுமே 18,000 ரூபாயாகும். சிறிய கார் பலவற்றுக்கு அதுவே போதும். நான் அவ்வாறு செய்திருந்தால், அந்த மழைக்காலக் காலையில் என் குழந்தைகள் குடைபிடித்தபடி நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருக்க நேர்ந்திராது.