வட்டத்தில் இன்னொருவருக்கு இடம்
(கூடி ஆடும் கலைகள் – 6)

சல்சா நடனத்தின் அடிப்படை எட்டு எண்ணிக்கைதான். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கால் நகரும், நான்கில் நிற்கும். ஐந்து, ஆறு, ஏழுக்கு மறுபடி நகரும், எட்டில் நிற்கும். நடக்கத் தெரிந்த எவருக்கும் ஓரிரு மாலையில் இது பிடிபட்டுவிடும். அந்த ஆட்டம் இத்தனை நாடுகளில் வேர்விட்டதற்கு இந்த எளிமையே முதல் காரணம் என்பேன். புதிதாக வருகிறவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியதில்லை. முதல் நாளே இறங்கலாம், மீதியை ஆடி ஆடியே பழகிக்கொள்ளலாம். கொங்கு நாட்டுக் கும்மிக்கும் இதே வாகு உண்டு. ஆனால், பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்து குடியேறிய ஒருவர் கும்மி வட்டத்தில் கால் வைக்க இன்று வழி கிடையாது. அந்த வழியை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

சல்சாவை வளர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். கியூபாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் இருந்து பிழைப்புக்காக நியூயார்க் வந்தவர்கள் அவர்கள். 1950களில் அந்நகரத்தின் பலேடியம் நடனக்கூடத்தில், சல்சாவுக்கு முன்னோடியான மாம்போவை அவர்களோடு கறுப்பின மக்களும் இத்தாலியரும் யூதரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். வெளியே நிறம் பார்த்துப் பிரித்துவைத்த காலம் அது. உள்ளே கால் தாளத்தோடு சேருகிறதா என்பதுதான் கேள்வி. அதே காலத்தில் ஹவானாவில் ‘ருவேதா’ என்ற வட்ட ஆட்டம் உருவானது. ஜோடிகள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுப்பார். அவர் சொல்லும் பெயருக்கு ஏற்ப எல்லோரும் ஒரே நேரத்தில் அடவு மாற்றி, அடுத்த ஜோடிக்கு நகர்வார்கள். நம்மூர்க் கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் வாத்தியார் பாட்டெடுத்துக் கொடுக்க, குழு அதை வாங்கிப் பாடி அடி மாற்றுகிறதே, அதற்கு இது நெருங்கிய உறவு. கும்மியில் இன்னும் ஒரு சௌகரியம் கூடுதல்: ஜோடி தேவையில்லை, யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. வலக்காலை எடுத்து வைத்துக் குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து திரும்பி இன்னொரு கொட்டு. கூச்சப்படுகிற பெண்ணும் முதல் நாளே சேர்ந்துகொள்ளலாம்.

கும்மி அழிந்துவிடவில்லை, அண்மைக் காலத்தில் பெரிதாகத் தழைத்திருக்கிறது. கோவை வட்டாரத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு, அவருடைய 87 வயதில், 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்களே ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார் என்பதே அவரைப் பற்றி முதலில் சொல்லப்பட்ட பெருமை. அதே 2024இல் பெருந்துறையில் பல்லாயிரம் பெண்கள் ஒரே நேரத்தில் ஆடினார்கள். மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் இந்த மறுமலர்ச்சி முழுக்க அரங்கேற்றத்தை நோக்கியே போகிறது. வாரக்கணக்கில் பயிற்சி, ஒரே நிறச் சேலை, குறித்த நாளில் கோயில் திடலில் ஆட்டம், சுற்றிலும் பார்வையாளர் கூட்டம். இது நிகழ்த்துகலை, அதன் மதிப்பு தனி. கூடி ஆடுவது வேறு. அங்கே பார்வையாளர் என்று ஒரு தரப்பே கிடையாது. வந்தவர் எல்லோரும் ஆடுகிறவர்கள். அறுவடைக் காலத்திலும் பொங்கலிலும் கும்மி அப்படித்தான் இருந்தது.

கும்மி ஒரு சாதியின் அடையாளமாகிவிட்டதே, மற்றவர் எப்படி வருவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடவந்த பெண்களிடம் சொந்தச் சாதியிலேயே திருமணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கிய நிகழ்வு வெளியே வந்து கண்டனத்துக்கு உள்ளானதை மறந்துவிட முடியாது. அது கலைக்கு நேர்ந்த தீங்கு, தவறாமல் எதிர்க்க வேண்டும். ஆனால் அதற்காகக் கும்மியையே அப்படி உறுதிமொழி வாங்கியவர்களிடம் விட்டுக்கொடுப்பது தோல்வி. ருவேதாவில் ஜோடிகள் ஆடும் ‘காசினோ’ ஆட்டத்துக்குப் பெயர் வந்ததே, உறுப்பினர்களுக்கு மட்டும் கதவு திறந்த ஹவானா மனமகிழ் மன்றம் ஒன்றிலிருந்துதான். இன்று அது கியூபாவின் தெருவெல்லாம் ஆடும் ஆட்டம். கும்மியில் பாடும் வள்ளி கதை எல்லா மதத்தாருக்கும் பொருந்துமா என்பது இன்னொரு ஐயம். வள்ளி கும்மி பல கும்மிகளில் ஒன்றுதான். கும்மி மெட்டு எந்தப் பொருளையும் தாங்கும். பாரதியார் பெண் விடுதலையையே கும்மியாகப் பாடியிருக்கிறார். ஒடியாவிலும் இந்தியிலும் அதே தாளத்துக்கு நாலு அடி கட்டினால் கொட்டு மாறப்போவதில்லை.

இவற்றைவிடக் கனமான தடை நேரம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவதுதான் திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கினால் அதுவும் நீளும். ஓவர்லாக் தையல் மெஷினில் 12 மணி நேரம் உட்கார்ந்தவரும், செக்கிங் மேசையில் அதே நேரம் நின்றவரும் ஆடவா வருவார்கள் என்றால், வார நாளில் வர மாட்டார்கள். வரவேண்டும் என்று கேட்பதே தவறு. ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு ஒரு ஞாயிறு மாலை மிஞ்சுகிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், அந்த மாலையைச் செலவு இல்லாமல் நாலு பேரோடு கழிக்க இடம் மிகக் குறைவு. ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருக்கும் தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் பேர்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பொது மொழி இல்லை. கைகொட்ட மொழி வேண்டியதில்லை.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் கும்மி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, உங்களிடம்தான் இதைக் கேட்க முடியும். அரங்கேற்றப் பயிற்சி அதன் போக்கில் நடக்கட்டும். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு மாலை, ஒரு பள்ளி மைதானத்தில், சீருடை இல்லாமல், கட்டணம் இல்லாமல், பேரும் ஊரும் கேட்காமல் வட்டம் போடுங்கள். அறிவிப்பைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் டீக்கடைகளில் ஒட்டுங்கள்.