நோய்க்கா, முடங்கிய உழைப்புக்கா?

இலங்கையின் உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுக்க உடம்பில் தெம்பு வேண்டும். முந்தல் களப்போரத்து இறால் பண்ணையில் வேலை செய்யவும் நாளெல்லாம் நின்று தாக்குப்பிடிக்கும் கால்கள் வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்து, ஆறாத புண்ணோடு இருப்பவருக்கு இரண்டுமே கைகூடாது. இதயம் பலவீனமாகி நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குபவருக்கும் அப்படித்தான். ஆனால் ஊரார் கண்ணுக்கு இவர்கள் நடமாடும் மனிதர்கள். மாற்றுத்திறனாளி என்று யாரும் சொல்வதில்லை. முந்தல் பிரதேச செயலகத்தில் உதவி கேட்டுப் போகும்போது இவர்களுடைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவித்தொகையின் இடத்தில் 2023 ஜூலையில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமே அதற்கு அடிப்படை. குடும்பத்தின் வறுமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்படுகிறது. வறியவர், மிக வறியவர் என வகுக்கப்பட்டவர்களின் மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் முறையே 10,000, 17,500 ரூபாவாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள், முதியோர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கானது அதே ஆண்டில் 7,500இலிருந்து 10,000 ரூபாவானது. அது நியாயமானதே. 1990களில் வடமத்திய மாகாண விவசாயக் கிராமங்களில், காரணம் புலப்படாத சிறுநீரக நோய் குடும்பம் குடும்பமாகச் சாய்த்தபோது அரசு பாராமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு நோய்க்குப் பெயர் சொல்லிக் கதவைத் திறந்தபின், அதே அளவு உழைப்பைப் பறிக்கும் மற்ற நோய்கள் ஏன் வெளியே நிற்க வேண்டும்? குடும்பக் கணக்கெடுப்பில் நாட்பட்ட நோயும் பார்க்கப்படுகிறது என்பார்கள். பார்க்கப்படுகிறதுதான், ஆனால் வீடு, சொத்து, கல்வி என்று பலவற்றோடு கலந்து கரைந்துபோகிறது. உடம்பில் பலம் இருந்த காலத்தில் கட்டிய கல்வீடு, சம்பாத்தியம் நின்ற பிறகும் நின்றுகொண்டிருக்கும். குறிகாட்டிக்கு அந்தச் சுவர் தெரிகிறது. உள்ளே அடுப்பு எரிகிறதா என்பது தெரிவதில்லை.

எனவே கேட்க வேண்டியது என்ன நோய் என்பதையல்ல, அந்த நோய் எந்த வேலையை முடியாமல் ஆக்கிவிட்டது என்பதை. இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனமும், நீண்டகாலக் குறைபாடு சூழலின் தடைகளோடு மோதும்போது ஒருவரின் பங்கேற்பு தடைப்படுவதைத்தான் பேசுகிறது. பிரித்தானியாவில் 2013 முதல் வழங்கப்படும் தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு, சமைப்பது, குளிப்பது, நடப்பது போன்றவற்றை வைத்து மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடு கெடுபிடியானது என்ற புகார்கள் அங்கே ஏராளம். அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. கேள்வி சரியானது என்பதே என் கட்சி.

பொய்க்காரர் பெருகிவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. சிறுநீரக நோயை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும், வேலை செய்ய இயலாமையை எது காட்டும் என்பது வலுவான வாதம்தான். ஆனால் மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறவரின் கொப்பியில், ஆண்டுக்கணக்கான மருந்தும் அளவும் வைத்தியரின் கையெழுத்தோடு இருக்கின்றன. ஒரு நாளில் இட்டுக்கட்டக்கூடிய ஆவணமல்ல அது. குறை என்னவென்றால், அதில் நோய் இருக்கிறது, இயலாமை இல்லை. எத்தனை நேரம் நிற்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று வைத்தியர் ஒரு பக்கம் எழுதினால், சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விண்ணப்பிப்பவர்களும் இன்றைக்கே அப்படியொரு கடிதத்தைக் கேட்டு வாங்கி மேன்முறையீட்டோடு இணைப்பது நல்லது. வெறும் நோய்ப்பெயர் அதிகாரிக்கு எதையும் சொல்லாது.

பணம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. 2022இல் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்ற நாட்டில் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நாளில் கொடுக்கச் சொல்லவும் இல்லை. நீரிழிவால் காலோ விரலோ அகற்றப்பட்டவர்கள், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்கள் என்று தொடங்கலாம். அவர்களின் பதிவுகள் ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே இருப்பதால், புதிய கணக்கெடுப்புக்குச் செலவும் வராது.