உங்க வாட்ஸ்அப் பூட்டுக்குச் சாவி யார் கையில்? ஐஐடி காமகோடியின் பயணம்

தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு முடிவதற்குள் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புகள் நிரம்பிவிடும். பிடிபட்ட காளை, பிடிபடாத காளை, கார் யாருக்கு என்று வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும். அதுக்கு நடுவுல ‘வாடிவாசல் பக்கம் தடியடி’ என்று ஒரு பொய்த் தகவல் வந்தால்? நூறு குரூப் தாண்டிப் போன பிறகு, அதை முதலில் கிளப்பிவிட்டது யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இப்படி ஒரு கேள்வி 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. ‘முடியும்’ என்று சொன்னவர், அப்போது ஐஐடி மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி.காமகோடி. அந்த ஒரு பதில் இன்று வரை விவாதமாக நீள்கிறது.

யார் இந்த காமகோடி?

ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரியில் கணினிப் பொறியியல் படித்தவர். எம்.எஸ்., பிஎச்.டி. இரண்டும் ஐஐடி மெட்ராஸில். 2001-ல் அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தார். 2022 ஜனவரியில் இயக்குநர் ஆனார். கணினியின் உள்கட்டமைப்பும் தகவல் பாதுகாப்பும்தான் அவரது துறை. மத்திய அரசு 2017-ல் அமைத்த செயற்கை நுண்ணறிவுப் பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தார். தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்திலும் உறுப்பினராக இருந்தவர்.

பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா இருந்தா போதாதா?

போதாது. ஆப்புக்குக் கீழே ஆண்ட்ராய்டு மாதிரி இயங்குதளம் இருக்கிறது. அதற்கும் கீழே சிப். சிப்பில் ஓட்டை இருந்தால் மேலே எத்தனை பூட்டு போட்டும் பலன் குறைவுதான்.

இதை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது. வேகமாக ஓடுவதற்காக, அடுத்து என்ன வேலை வரும் என்று சிப் ஊகித்து, அதை முன்கூட்டியே செய்து வைக்கும். ஊகம் தப்பானால் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் அந்த வேலை விட்டுப்போன தடத்தை வைத்தே ரகசியங்களைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்று அந்த ஓட்டைகளுக்குப் பெயர். இன்டெல் உட்படப் பெரிய நிறுவனங்களின் சிப்களே இதில் சிக்கின.

சிப்பின் வடிவமைப்பு அந்தந்த நிறுவனத்தின் ரகசியம். வாங்குகிறவர் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிப்பை ராக்கெட்டிலும் மின்கட்டமைப்பிலும் எப்படி நம்பி வைப்பது?

‘சக்தி’ எப்படி வந்தது?

காமகோடியின் குழு 2014-ல் தொடங்கிய ‘சக்தி’ திட்டம் இதற்கான ஒரு பதில். மென்பொருளும் சிப்பும் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். இன்டெல், ஆர்ம் மொழிகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் பிறந்த ‘ரிஸ்க்-ஃபைவ்’ மொழிக்கு ராயல்டி கிடையாது. சக்தி அந்த மொழியைத்தான் எடுத்துக்கொண்டது. அதோடு தன் வடிவமைப்பையும் பொதுவில் வைத்தது. யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், மாற்றலாம்.

2018-ல் இரண்டு சிப்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில். இந்த எண் குறையக் குறைய நுட்பம் புதுசு என்று பொருள். விலையுயர்ந்த போன்களின் சிப்கள் 2023-லேயே 3 நானோமீட்டர் வரை வந்துவிட்டன. அதனால சக்தி நாளைக்கே உங்க போனுக்குள்ள வந்துடாது. வேகத்தைவிட நம்பகம் முக்கியமான இடங்களுக்குத்தான் அது. 2025 பிப்ரவரியில் ஐஐடி மெட்ராஸும் இஸ்ரோவும் சேர்ந்து அறிவித்த ‘ஐரிஸ்’ சிப் அப்படிப்பட்டது. விண்வெளிப் பயன்பாட்டுக்கான இந்த சிப், மொகாலி ஆலையிலேயே உருவானது.

ஆய்வகம் கம்பெனி ஆன கதை

காமகோடியை வழக்கமான அர்த்தத்தில் கம்பெனி முதலாளி என்று சொல்ல முடியாது. ஆனால் அவரது ஆய்வகத்திலிருந்தும், அவர் இயக்குநராக இருக்கும் ஐஐடியிலிருந்தும் கம்பெனிகள் கிளம்பியிருக்கின்றன. சக்தி குழுவில் இருந்தவர்கள் 2018-ல் ‘இன்கோர் செமிகண்டக்டர்ஸ்’ தொடங்கினார்கள். ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த ‘மைண்ட்குரோவ்’ என்ற ஸ்டார்ட்அப் 2024-ல், ஸ்மார்ட் வாட்ச், மின்சார மீட்டர் போன்றவற்றுக்கான சிப்பை அறிமுகப்படுத்தியது. 2023-ல் பேசப்பட்ட ‘பார்ஓஎஸ்’ இயங்குதளத்தை உருவாக்கியதும் இதே வளாகம் ஆதரித்த நிறுவனம்தான்.

சரி, வாட்ஸ்அப்பில் என்ன சிக்கல்?

2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப் செய்திகள் முழு மறையாக்கத்தில் போகின்றன. அனுப்புபவர், பெறுபவர் போன்களில் மட்டுமே சாவி இருக்கும். நடுவில் இருக்கும் வாட்ஸ்அப் நிறுவனமே செய்தியைப் படிக்க முடியாது.

சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கு, பிறகு ‘முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்ற கேள்வியாக மாறியது. அதற்கு காமகோடி இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, ஃபார்வர்டு ஆகும் செய்தியோடு முதலில் அனுப்பியவரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும்படி சேர்ந்தே போவது. இரண்டு, அந்த எண்ணைப் பூட்டி அனுப்புவது. நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டும் வாட்ஸ்அப் அதைத் திறந்து தருவது. செய்தியின் பூட்டை உடைக்காமலே இதைச் செய்யலாம் என்பது அவர் வாதம்.

இது பயனர்களின் அந்தரங்கத்தைக் குலைக்கும் என்று வாட்ஸ்அப் மறுத்தது. ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரனும் இந்த யோசனையை எதிர்த்து நீதிமன்றத்தில் நிபுணர் கருத்து அளித்தார்.

எதிர்ப்பின் சாரத்தை ஜல்லிக்கட்டு உதாரணத்திலேயே பார்க்கலாம். பொய்த் தகவலை வேறொரு ஆப்பில் எவனோ எழுதுகிறான். அதை உண்மை என்று நம்பி நீங்கள் காப்பி செய்து குடும்ப குரூப்பில் போடுகிறீர்கள். வாட்ஸ்அப் கணக்குப்படி முதலில் அனுப்பியவர் இப்போ நீங்கதான்! இன்னொரு பக்கம், ஊழலை வெளிக்கொண்டுவர ஆவணம் அனுப்பும் அரசு ஊழியர் ஒருவர், தன் எண் எங்கோ பதிவாகிறது என்று தெரிந்தால் அதை அனுப்புவாரா?

இப்போ நிலவரம் என்ன?

2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், கடுமையான குற்றங்களில் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டும் வசதி வேண்டும் என்கின்றன. அனுப்பியவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் பரப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். இதை எதிர்த்து அதே ஆண்டு மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போகவேண்டி வரும் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட நாடு இது. அதனால் காமகோடியின் கவலையை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால், உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தால்தான் நம்ப முடியும் என்பது சக்தி சொன்ன பாடம். முதல் அனுப்புநரின் எண்ணைத் திறக்கும் சாவிக்கும் அந்தப் பாடம் பொருந்த வேண்டும். அது யார் கையில் இருக்கும், எப்போதெல்லாம் திறந்தார்கள், தப்பாகத் திறந்தால் யார் பொறுப்பு? சட்டம் இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னால்தான், போனை வைத்திருப்பவர் அதை நம்புவார்.