தொழிற்கூடத்தில் புதுக்கருத்து



பலர் கூடி உழைக்கும் இடத்தில் புதிய கருத்துகள் எவ்வாறு தோன்றுகின்றன, தோன்றியவற்றுள் பெரும்பாலானவை ஏன் பிறந்த இடத்திலேயே மடிகின்றன என்பது பற்றி உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகிறேன். படைப்பாற்றல் என்றவுடன் நம் மனம் கவிஞரையும் ஓவியரையும் விஞ்ஞானியையும் தேடிச் செல்கிறது. தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் அச்சு இயந்திரத்தின் அருகே மை படிந்த கையுடன் நிற்பவருக்கும் அவ்வாற்றல் உண்டு என்பதை நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் விருதுநகர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். என்னிடம் பயின்றோர் பலர் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் தொழிற்கூடங்களில் வேலை பார்க்கின்றனர். ஆதலின் இப்பொருளை நம் கரிசல் மண்ணிலிருந்தே எடுத்துச் சொல்லத் துணிகிறேன்.

சிவகாசித் தொழிலின் தொடக்கமே நல்லதொரு பாடம். 1922ஆம் ஆண்டளவில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். 1923இல் தொழில் தொடங்கிற்று. முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்துப் பார்த்தனர். அது கட்டுப்படியாகவில்லை. கற்றதை அப்படியே நடத்தியே தீருவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. கையாலேயே செய்யக்கூடிய முறைக்கு மாறினர். மழை குறைந்த ஊர். வேளாண்மையை நம்ப முடியாத மக்கள். குச்சியும் மருந்தும் விரைவில் உலரும் வெயில். ஊரின் குறை என்று கருதப்பட்ட வறட்சியே தொழிலுக்கு முதலாயிற்று. தீப்பெட்டிக்கு மேலே ஒட்டப் படம் வேண்டியிருந்தது. அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்தைக் கையாண்டு பழகிய ஊரில் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த வேலைக்கான எண்ணம் பிறந்திருக்கிறது.

இந்தப் பெருமையோடு ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கைத்தொழில் மலிவாக நடந்ததற்குக் குழந்தைகளின் கைகளும் ஒரு காரணம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை அமர்த்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1996இல் உச்ச நீதிமன்றமும் சிவகாசி வழக்கில் கடுமையான கட்டளைகளைப் பிறப்பித்தது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடத்தில் மூளைக்கு வேலை குறைவு என்பது என் எண்ணம். ஆள் மலிவாக இருக்கும்போது, வேலையை எளிதாக்க வழி உண்டா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இனிப் பட்டாசு ஆலைக்குள் நுழைவோம். அங்கே ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் அமரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மருந்தின் அருகே இரும்புக் கருவி ஆகாது. பொறி எழுப்பாத பித்தளையும் மரமுமே வேண்டும். பருத்தி ஆடை உடுத்தல் வேண்டும். உடலில் சேரும் மின்னூட்டம் நீங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். குளோரேட்டு உப்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்யும் கலவையை அரசு 1992இல் தடை செய்தது. சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடிய கலவை அது. இத்தகைய இடத்தில் ஒருவர் தமக்குத் தோன்றியபடி மருந்தைச் சற்று மாற்றிக் கலந்து பார்ப்போம் என்று முனைந்தால் என்னவாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த நாளை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

அப்படியானால் இங்குப் புதுக்கருத்துக்கு இடமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். விதிகளை மனப்பாடம் செய்து, வாயை மூடிக்கொண்டு வேலை செய்வதே நல்லது என்றும் சிலர் சொல்வர். நான் அதை ஏற்பதில்லை. ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

என்னிடம் பயின்ற ஒருவர் ஓர் ஆலையில் போர்மேனாக இருக்கிறார். மருந்து நிரப்பிய வெடிகளைத் தட்டுகளில் பரப்பி உலர்த்தும் மேடைக்குக் கொண்டு செல்வது அங்குள்ள பெண்களின் வேலை. தட்டைத் தரையில் இழுக்கக் கூடாது என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இருந்தும் இழுத்தார்கள். இவர் கண்டித்தார், கண்டித்த நாளில் நிற்கும், மறுநாள் தொடங்கும். ஒருநாள் கண்டிப்பதை விட்டுவிட்டு, ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. சில நாள் சென்று, வயதான ஓர் அம்மையார் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "தட்டு கனம் தாங்கலையே தம்பி, தூக்கினா இடுப்பு ஒடியுது. சின்னத் தட்டாக் குடுத்தா நாங்க எதுக்கு இழுக்கப் போறோம்?"

எவ்வளவு எளிய யோசனை! ஆயினும் அது அத்துடன் முடியவில்லை. அங்கே கூலி நாட்கணக்கில் இல்லை. செய்து முடித்த எண்ணிக்கையைப் பொறுத்தது. தட்டு சிறியதானால் நடை அதிகமாகும்; நடை அதிகமானால் அன்றைய எண்ணிக்கை குறையும். அந்த அம்மையார் சொன்ன நல்ல கருத்துக்கு அவருடைய கூலியே விலையாகும் நிலை. போர்மேன் இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லிக் கூலி விகிதத்தை மாற்றச் செய்தார். அதன் பின்னரே சிறு தட்டுகள் வந்தன, இழுப்பதும் நின்றது. தட்டை மாற்றியதைவிடக் கூலியை மாற்றியதே கடினமாக இருந்தது என்று அவர் என்னிடம் கூறினார்.

தொழிலாளர் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அவர்களுக்குக் கருத்து இல்லாமல் இல்லை; சொன்னால் இழப்பு தமக்கே என்னும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1911இல் வெளியிட்ட தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். விரைவாகச் செய்யும் வழியைக் கண்டவன் அதனை மறைத்து வைப்பான். வெளிப்படுத்தினால் எண்ணிக்கைக்கான கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கூலி அச்சத்தோடு கேலி அச்சமும் உண்டு. குற்றம் தம் தலையில் விழுமே என்னும் அச்சமும் உண்டு. இந்தக் கடைசி அச்சமே பட்டாசு ஆலையில் மிகக் கொடியது. கலவையில் ஏதோ வாசம் மாறியிருக்கிறது, தட்டு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று முதலில் உணர்பவர் அதைக் கையில் வைத்திருப்பவரே. அவர் சொல்லாவிட்டால் வேறு எவருக்கும் தெரிய வழியில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமி எட்மண்ட்சன் என்னும் அம்மையார் 1990களில் மருத்துவமனைகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களிலேயே தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து பார்த்தபோதுதான், அங்கே தவறு செய்ததும் அஞ்சாமல் வெளியே சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்று விளங்கிற்று. குறைபாட்டுப் பதிவேடு வெள்ளையாக இருக்கிறது என்று ஓர் ஆலை மகிழுமானால், அதை ஒரு முறைக்கு இருமுறை ஐயுற்றுப் பார்ப்பது நலம்.

கருத்துக் கேட்கப் பெட்டி வைப்பது பழைய வழக்கம். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் நகரில் வில்லியம் டென்னி என்பவரின் கப்பல் கட்டும் நிறுவனம், தொழிலாளர் சொல்லும் நல்ல யோசனைகளுக்கு 1880இலேயே பரிசு வழங்கத் தொடங்கியது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951இல் இத்தகைய திட்டத்தை ஏற்படுத்தியது. நம் நாட்டிலோ, பூட்டுத் துருப்பிடித்த யோசனைப் பெட்டிகளை நான் எத்தனையோ அலுவலகச் சுவர்களில் கண்டிருக்கிறேன்! பெட்டியினால் பயனில்லை, பதிலினால் பயன் உண்டு. சீட்டு எழுதிப் போட்டவரை ஒரு வாரத்துக்குள் அழைத்து, ஏற்றோம் என்றோ, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்றோ சொல்ல வேண்டும். மறுப்பைக்கூட மனிதர் தாங்குவர். பதில் இல்லாமையைத் தாங்கார். தொழிலாளரும் தர மேம்பாட்டில் பங்குகொள்ளும் முறையை நெடுங்காலம் பழகிய சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்துப் பிரிவு, 1998இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தமிழ்நாட்டுத் தொழிலாளரால் இது இயலாது என்று சொல்வோருக்கு இதை நினைவூட்டலாம்.

கூட்டத்தில் பேசும் வரிசையும் முக்கியமானது. பெரியவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால் எஞ்சியோர் தலையசைப்பதே வழக்கம். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆசிரியர் கூட்டங்களில் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரையே முதலில் பேச அழைப்பேன். என் கருத்தை இறுதியில் சொல்வேன். முதல் இரண்டு கூட்டங்களில் இளைய ஆசிரியர்கள் கூச்சத்தால் நெளிந்தனர். மூன்றாவது கூட்டத்தில், வேதியியல் ஆய்வுக்கூட நேரத்தைப் பிற்பகலிலிருந்து முற்பகலுக்கு மாற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பல்லாண்டுகளாக ஒருவரும் கேட்காத கேள்வி அது; மாற்றினோம். இந்த வரிசை என் கண்டுபிடிப்பு ஆகாது. நம் இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளைய உறுப்பினரின் கருத்தையே முதலில் கேட்கின்றனர்.

கருத்தைச் சொல்லும் வேளையில் அதை எடைபோடக் கூடாது, எடைபோடுவதைப் பின்னர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கரான அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953இல் ஒரு நூலில் வற்புறுத்தினார். விளம்பரத் தொழிலில் இருந்தவருக்கு அது போதும். வெடிமருந்தோடு வாழ்பவர்களுக்கு அது போதாது. சொல்வதற்கும் சோதிப்பதற்கும் இடையே காலத்தால் மட்டுமல்லாமல் இடத்தாலும் பிரிவு வேண்டும். பசுமைப் பட்டாசின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் புகை குறைந்த பட்டாசுகளையே விற்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பச்சை ஒளி தரும் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்தது. சிவகாசி கலங்கியது, ஆலைகள் மூடிக் கிடந்தன. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் புதிய கலவைகளைத் தேடும் பணியில் முன்னின்றது. நம் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் புஸ்வாணத்தை மாற்றியமைக்கும் முயற்சியில் ஈடுபட்டது. வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும் ஒரு கலவையும், அலுமினியத்தின் அளவைக் குறைத்த மற்றொரு கலவையும் உருவாயின. துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறைய வேண்டும் என்பது இலக்கு. 2019இல் அவை விற்பனைக்கு வந்தன.

இவை ஆய்வுக்கூடத்தில் சிறு அளவில் கலக்கப்பட்டன. வெட்டவெளியில் வெடித்துப் பார்க்கப்பட்டன. புகையும் ஓசையும் அளக்கப்பட்டன. சான்று பெற்ற பிறகே ஆலைக்கு வந்தன. ஒரு தொழிலாளி கண்ட யோசனையாயினும் செல்ல வேண்டிய வழி இதுவே. அவர் அதைப் போர்மேனிடம் அச்சமின்றிச் சொல்லலாம், போர்மேன் குறித்துக்கொள்வார், சிறு அளவில் சோதிப்பது அதற்கென அமைந்த இடத்தில், அதற்கென உரிமம் பெற்றவர் கையில் நடக்கும். முடிவு தெரிந்த பின்னரே, விடியற்காலைக் குளிர்ச்சியில் மருந்து கலக்கும் அந்தச் சிறிய அறைக்குள் புதிய முறை நுழையும்.