பால்போத்தலில் வளர்ந்த குரங்கு

தோட்டத்துக்குள் இறங்கிய தாய்க்குரங்கு வெடிபட்டோ மின்கம்பியில் அடிபட்டோ விழும். வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி கிடக்கும் குட்டியை யாராவது இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். வன்னியில் குரங்கு வளர்ப்பு இப்படியும் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று வருடம் பால்போத்தலும் சின்னச் சட்டையும் கைபேசிப் படமுமாகப் போகும். பருவம் வந்த ஆணுக்குக் கோரைப்பல் நீளும். வீட்டில் யார் பெரியவன் என்று பார்க்கத் தொடங்கும். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது அதற்குச் சண்டைக்கு அழைப்பு. சின்னப் பிள்ளைகள் செய்வதெல்லாம் அதைத்தான்.

மனிதரிடம் பயம் விட்டுப்போன விலங்கு, காட்டு விலங்கைவிட ஆபத்தானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டிராவிஸ் என்ற சிம்பன்சி வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தது. 2009 பெப்ரவரியில், அதற்கு நன்கு பழக்கமான ஒரு பெண்ணின் முகத்தையும் கைகளையும் அது சிதைத்தது. அவருக்குப் பார்வையும் போயிற்று. 2011இல் பொஸ்டனில் முகமாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. கூடவே பொருத்திய கைகளை உடல் தாங்காததால் மீண்டும் அகற்ற வேண்டியதாயிற்று.

நம் ஊர்க் குரங்குக்கு அந்தப் பலம் இல்லைத்தான். ஆனால் அதன் கடி வெளியே சிறு ஓட்டையாகத் தெரியும். உள்ளே விரல் மூட்டையும் தசைநாணையும் தொட்டிருக்கும். மறுநாள் கை வீங்கி, விரலை மடக்க முடியாமல் போனால் கிருமி உள்ளே இறங்கிவிட்டது. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் காயத்தின்மேல் வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கையிலுள்ள கடிகாயத்தை வைத்தியர் உடனே தைக்காமல் விடுவது அலட்சியத்தால் அல்ல. தைத்து மூடினால் கிருமியும் உள்ளேயே அடைபடும்.

விசர்நாய்க்கடி நோய் குரங்காலும் பரவும்; அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக நடவாது. கடித்த விலங்கைக் கட்டிவைத்துப் பார்க்கும் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான், குரங்குக்கு அல்ல. அந்த நோய்க்கான தடுப்பூசி அரச வைத்தியசாலையில் இலவசம். மக்காக் இனக் குரங்குகளிடம் பி வைரஸ் என்ற ஒன்றும் உண்டு. மனிதருக்கு மிக அரிதாகவே தொற்றும், தொற்றினால் மூளையைத் தாக்கும். 2021இல் பெய்ஜிங்கில் ஒரு மிருக வைத்தியர் அதனால் இறந்தார்.

ஆகவே, குரங்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து “கம்பி கிழிச்சது” என்று வைத்தியரிடம் சொன்னால், சிகிச்சையே வேறு பாதையில் போய்விடும்.

வளர்ந்ததைக் காட்டில் விட்டாலும் அது சோறு தேடி ஆட்களிடமே திரும்பி வரும். அதனால் குட்டியைக் கொண்டுவந்த அன்றே வனசீவராசிகள் திணைக்களத்திடம் சொல்லிவிடுங்கள்.